பெருவிரல் பார்த்த வெளிச்சங்கள்

கண்ணில் பார்வை குறைந்தால் குறைந்த இடம் கறுப்பாகத் தெரியும் என்று நான் நம்பியிருந்தேன். சட்டியின் அடியில் கரி பிடிப்பதுபோல ஓரத்தில் தொடங்கி மெல்ல மெல்ல நடுவுக்கு வரும் என்பது என் முடிவு. யாரும் சொல்லித் தந்ததல்ல, நானாகவே கண்டுபிடித்த விஞ்ஞானம். கரி வந்தால் எனக்குத் தெரியாமல் போகுமா என்ற துணிவில், வேலைக்குப் போகும் வழியில் உட்துறைமுகக் கரையோரம் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு துறைமுகத்தைப் பரிசோதிப்பேன். எதிர்க்கரை மலை இருக்கிறது. நங்கூரம் போட்ட கப்பல் இருக்கிறது. வள்ளங்கள் இருக்கின்றன. பிறகு மற்றக் கண். அதிலும் எல்லாம் இருக்கிறது. துறைமுகம் முழுதாக உள்ளது என்று எனக்கு நானே சான்றிதழ் வழங்கிவிட்டு வண்டியை எடுப்பேன். ஒருநாள் பஸ்ஸுக்கு நின்ற இரண்டு பெண்கள், நான் கண்ணடிக்கிறேன் என்று நினைத்து முறைத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றார்கள். அதற்குப் பிறகுதான் கண்ணைக் கையால் பொத்தத் தொடங்கினேன்.

இந்தப் பரிசோதனைக்குக் காரணம் ஒரு வாசிப்புக் கண்ணாடி. பத்திரிகை எழுத்து மங்குகிறது என்று கண்ணாடிக்காகப் போன இடத்தில், கண் டொக்டர் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். பார்த்துவிட்டு இன்னொரு தரம் பார்த்தார். அவர் என்னைவிட வயது குறைந்த பெண். சிரிப்பே வராத முகம். என்னைப்போன்ற ஆட்களுக்கு அப்படிப்பட்ட முகத்தைக் கண்டால் நாக்கு சும்மா இருக்காது.

"உங்கட ரெண்டு கண்ணிலயும் பிரஷர் நோர்மல்" என்றார்.

"அப்ப சரி டொக்டர், வாறன்" என்று எழும்பினேன்.

"இருங்கோ. பிரஷர் நோர்மல். ஆனா இடது கண் நரம்பு தேஞ்சிருக்கு. இது குளோக்கோமா. சிலருக்குப் பிரஷர் கூடாமலே இப்பிடி வரும். கை கால் அடிக்கடி குளிருமோ?"

"திருகோணமலையில குளிர ஆசைப்பட்டாலும் ஏலாது, டொக்டர்."

பக்கத்துக் கதிரையில் இருந்த என் மனைவி, "பொய். காலமையில இவற்ற கை ஐஸ் மாதிரி இருக்கும்" என்று என்னைக் காட்டிக்கொடுத்தார். இரத்த அழுத்தத்துக்கு நான் போடும் குளிசையைப் படுக்கப் போகும்போது போடுகிறேன் என்பதையும் அவரே சொன்னார். நித்திரையில் அழுத்தம் மிகவும் இறங்கினால் கண் நரம்புக்கு இரத்தம் காணாமல் போகலாம், குளிசை தந்த டொக்டரோடு கதைத்து நேரத்தை மாற்றலாம், நானாக எதையும் நிறுத்தக் கூடாது என்று விளக்கினார் கண் டொக்டர்.

"இது கூடுதோ இல்லையோ எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டேன்.

"உங்களுக்குத் தெரியாது" என்றார், பஸ் போய்விட்டது என்று சொல்வதுபோல. "நாங்கள்தான் பாக்கோணும். நரம்பின்ர விளிம்பில சின்னதா இரத்தம் கசியுதோ எண்டு பாப்பம். ஸ்கேனில நரம்புப் படை மெலியுதோ எண்டு பாப்பம். வெளிச்சச் சோதனையில அதே இடம் திரும்பத் திரும்ப மோசமாகுதோ எண்டும் பாப்பம்."

இத்தனையில் என் காதில் ஒழுங்காக விழுந்தது கடைசியில் சொன்ன வெளிச்சச் சோதனை மட்டும். அதில்தான், வெளிச்சம் கண்டால் அழுத்துவதற்கு ஒரு பொத்தான் இருந்தது. முதல் வசனத்தை நான் ஏற்றுக்கொள்ளவே இல்லை. என் கண்ணில் நடப்பது எனக்குத் தெரியாதா என்று, அடுத்த நாளே கரையோரத்தில் துறைமுகத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்டேன்.

பொத்தான் என்றதும் மகிழ்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. என் தொழிலே பொத்தான் அழுத்துவதுதான். கப்பலில் இருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணும் கிளாக்கர் நான். உள்ளங்கைக்குள் அடங்கும் உருண்டையான இரும்புக் கவுண்டர் ஒன்றைப் பிடித்துக்கொண்டு லொறிக்குப் பக்கத்தில் நிற்பேன். மூட்டை ஒன்று லொறித் தட்டில் விழ, பெருவிரலால் ஒரு அழுத்து. எண் ஒன்று கூடும். கப்பல் பக்கத்தில் கிண்ணியாவைச் சேர்ந்த என் கூட்டாளி ஒருவர் இதே வேலையைச் செய்வார். மாலையில் இரண்டு பேருடைய எண்ணும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் ஒருவரை ஒருவர் பார்த்து ஏசிவிட்டு, விட்ட இடத்தைத் தேடுவோம். இத்தனை வருடத்தில் என் பெருவிரல் என்னைக் கேட்காமலே வேலை செய்யப் பழகிவிட்டது. நான் கூட்டாளியோடு கதைத்துக்கொண்டு, பிளேன்ரீ குடித்துக்கொண்டு, கடலைப் பார்த்துக்கொண்டு இருக்கும்போதும் அது தன்பாட்டில் எண்ணும்.

வெளிச்சச் சோதனை என்பது இதுதான். இருட்டறையில், பெரிய வெள்ளைக் கிண்ணம் ஒன்றைச் சரித்து வைத்ததுபோல ஒரு மெசின். அதற்குள் முகத்தை வைத்து, ஒரு கண்ணை மறைத்து, மற்றக் கண்ணால் நடுவில் உள்ள புள்ளியையே பார்க்க வேண்டும். சுற்றிலும் அங்குமிங்கும் மின்மினிபோல வெளிச்சம் வந்து மறையும். கண்டால் கையில் உள்ள பொத்தானை அழுத்த வேண்டும். காணாவிட்டால் பேசாமல் இருக்க வேண்டும். முதலில் எடுத்த சோதனைகள் துறைமுகத்தில் மூட்டைக் கப்பல் எதுவும் இல்லாத காலத்தில் நடந்தன. பெருவிரலும் லீவில் இருந்தது. இடது கண்ணில் மேலே, மூக்குப் பக்கமாக, நடுப்புள்ளிக்குக் கிட்ட ஒரு சின்ன இடம் பழுது என்று வரைபடம் சொன்னது. இரண்டு கண்ணுக்கும் இரவில் விடச் சொட்டுமருந்து தந்தார்கள்.

அந்த மருந்து செய்த முதல் வேலை, என் கண்மயிரை நீளமாக்கியது. கறுத்து, அடர்ந்து, மேலே வளைந்து வந்தது. மகள் கண்ணாடியின் முன் என்னை இழுத்து வைத்துத் தன்னோடு ஒப்பிட்டுப் பார்த்து, "அப்பாக்கு இது தேவையோ?" என்று பொறாமைப்பட்டாள். கூட்டாளி ஒரு நாள் முழுக்க என்னை நேரே பார்க்காமல் வெட்கப்பட்டு நடித்தார்.

மாதங்கள் கழித்து அடுத்த சோதனை வந்தபோது துறைமுகத்தில் சீமெந்துக் கப்பல் ஒன்று நின்றது. நாள் முழுக்க மூட்டை. அந்தக் கையோடு இருட்டறைக்குள் போனேன். முதல் கொஞ்ச வெளிச்சத்துக்கு ஒழுங்காகத்தான் அழுத்தினேன். பிறகு ஒரு தாளம் பிடித்துக்கொண்டது. டக், டக், டக். எவ்வளவு இலகுவாக இருக்கிறது என்று எனக்கே சந்தோசம். முடிவில் வந்த வரைபடம் வெள்ளை வெளேர் என்று இருந்தது. பழைய பழுதும் இல்லை.

"சுகமாயிட்டுது" என்று வெளியே காத்திருந்த மனைவியிடம் அறிவித்தேன்.

"மிளகாய்த்தூள் கேட்டா மஞ்சள் போத்தலை எடுத்துத் தாற கண்ணுக்கு அவ்வளவு கெதியில சுகமோ?" என்றார் அவர்.

டொக்டர் வரைபடத்தைப் பார்த்தார். "வெளிச்சம் போடாத நேரத்திலயும் நீங்கள் வெளிச்சம் பாத்திருக்கிறியள்" என்றார்.

"அப்ப நல்ல கண்தானே, டொக்டர்."

"இதை நம்பேலாது. திருப்பி எடுப்பம். கண்டா மட்டும் அமத்துங்கோ."

அந்த வார்த்தை என்னைச் சுட்டுவிட்டது. மூட்டை எண்ணும் கிளாக்கரிடம் உன் எண்ணிக்கையை நம்ப ஏலாது என்று சொல்வதைவிடக் கேவலம் இல்லை. அடுத்த கிழமை சோதனைக்குப் போனபோது தொழிலின் முழுச் சட்டத்தையும் கொண்டு போனேன். எங்கள் சட்டம் கடுமையானது. மூட்டை தோளில் இருந்தால் எண்ணக் கூடாது. லொறிக்குச் சாத்திய பலகையில் ஏறினாலும் எண்ணக் கூடாது. தட்டில் விழுந்து சத்தம் கேட்ட பிறகுதான் அழுத்த வேண்டும். அதேபோல வெளிச்சம் வந்ததும், வந்தது வெளிச்சம்தானா என்று யோசித்து, ஓம் என்று எனக்கு நானே சொல்லி, பிறகு அழுத்தினேன். அரைகுறையாகத் தெரிந்த எதையும் எண்ணவில்லை. அதற்குள் அடுத்த வெளிச்சமும் வந்து போயிருக்கும். மெசினைக் கவனிக்கும் மிஸ், "ஐயா, நித்திரையோ?" என்று கேட்டார். ஐயா என்றதற்கே கோபம் வந்தது. நித்திரை என்றதற்குத் தனியாகக் கோபப்பட நேரம் கிடைக்கவில்லை.

இந்த முறை இடது கண் வரைபடம், மழைக்கால வானம்போல இருண்டு கிடந்தது.

"மோசமாத்தான் காட்டுது" என்றார் டொக்டர். "ஆனா ஒரு சோதனையை வைச்சு நாங்கள் முடிவெடுக்கிறேல்லை. கொஞ்ச நாள் விட்டு இன்னொருக்கா எடுப்பம். அப்பவும் அதே இடத்தில இப்பிடியே வந்தா, மருந்தைக் கூட்டோணும். இல்லாட்டி ஒப்பரேசனைப் பற்றிக் கதைக்கோணும்."

எனக்குக் கேட்டது ஒப்பரேசன் என்ற ஒரு சொல் மட்டும். சிரிப்பு மறந்துபோனது. இடது கண் போகிறது, அடுத்தது வலது, பிறகு கவுண்டரை யாரிடம் கொடுப்பது, மோட்டார் சைக்கிளை யாருக்கு விற்பது, மகளின் கலியாணத்தில் மாப்பிள்ளையைத் தடவித்தான் பார்ப்பதா என்று, கிளினிக்கில் இருந்து எங்கள் ஊரான சல்லிக்கு வந்து சேர்வதற்குள் முழு வாழ்க்கையையும் முடித்துவிட்டேன்.

அன்று முதல் அறிகுறிகள் வரிசையில் வரத் தொடங்கின. எங்கள் ஊரில் வெயில் நல்லதென்றால் தெருவோரம் சாக்கு விரித்துக் கருவாடு காயப்போடுவார்கள். ஒருநாள் காலை மோட்டார் சைக்கிளின் சில்லு அதில் ஏறிவிட்டது. நான் காணவில்லை. இறங்கி, கருவாட்டுக்காரப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். என் கண் நரம்பைப் பற்றியும் கொஞ்சம் சொன்னேன்.

அவர் வாயில் வெற்றிலையோடு என்னை மேலும் கீழும் பார்த்தார். "தம்பி, காலமையில இருந்து எல்லாரும் அதில ஏறித்தான் போறாங்க. ஓட்டோ போச்சுது, பள்ளிக்கூட வான் போச்சுது. இறங்கி வந்து கதை சொன்னது நீங்க ஒராள்தான். சாக்கில இருந்து காலை எடுங்க."

அது போதாதென்று மான். எங்கள் நகரத்தில் புள்ளிமான்கள் ஆடுமாடுபோலத் தெருவில் திரியும், தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பஸ் நிலையத்தடியில் பாண் பையோடு நின்றபோது இடது பக்கத்தில் இருந்து ஒரு மான் வந்து பைக்குள் தலையை விட்டுப் பாணை இழுத்துக்கொண்டது. முழு மான். கொம்பு வைத்த மான். அதுவே என் கண்ணுக்குத் தெரியவில்லை. வெறுங்கையோடு வீட்டுக்குப் போய் மனைவியிடம் செய்தியைச் சொன்னேன்.

"மான் எந்தப் பக்கத்தால வந்தது?"

"இடது பக்கத்தால. பின்னால."

"உங்களுக்குப் பழுது மூக்குப் பக்கம். மான் வந்தது காதுப் பக்கம். பின்னால வந்தா ஆருக்குத் தெரியும்? இரவைக்குப் பாண் இல்லை, சோறுதான்."

இப்படிப்பட்ட மனைவியிடம் ஆறுதல் கிடைக்காது என்று முடிவெடுத்து, குருடனாக வாழப் பயிற்சி எடுக்கத் தொடங்கினேன். கண்ணை மூடிக்கொண்டு விறாந்தையில் இருந்து குசினிக்கு நடந்தேன். அலுமாரியில் நெற்றி மோதி வீங்கியது. அடுத்த நாள் கூட்டாளி வீக்கத்துக்குக் காரணம் கேட்டார். எல்லாவற்றையும் சொல்லி, "எனக்கு ஏலாமப் போனா என்ர கவுண்டரை நீயே வைச்சுக்கொள் மச்சான்" என்று சொன்னேன்.

"அது எனக்கென்னத்துக்கு? அதுவும் உன்னைப் போலப் பொய்தான் சொல்லும்" என்றார் அவர். பிறகு, என் முகத்தைப் பார்த்தோ என்னவோ, மெதுவாகச் சொன்னார்: "டொக்டர் இன்னொருக்கா எடுக்கச் சொன்னதுதானே? நீ எண்ணினதை மட்டும் வைச்சு நாங்க எண்டைக்காவது லொறியை விட்டிருக்கிறமா? மற்றக் கணக்கும் வரட்டும்."

அது எனக்குத் தெரியாத சங்கதியா? மூட்டை விசயத்தில் தெரியும். கண்ணுக்கென்று வந்தபோது மறந்துவிட்டது.

சோதனைக்கு முந்திய ஞாயிறு மத்தியானம் சோறு சாப்பிட்டுவிட்டுக் கதிரையில் சாய்ந்தவன் அப்படியே உறங்கிவிட்டேன். மனைவி கொடியில் காய்ந்த உடுப்பை எடுத்துக்கொண்டு வந்தவர், எனக்கு முன்னால் நின்றுவிட்டார். என் வலது கைப் பெருவிரல் கதிரையின் கைப்பிடியை அமத்திக்கொண்டிருந்ததாம். டக், டக், டக். தாளம் பிசகாமல்.

"எத்தினை மூட்டை?" என்று கேட்டாராம்.

"இன்னும் முடியேல்லை" என்று நான் நித்திரையிலேயே சொன்னேனாம்.

என்னை எழுப்பி விசாரணை தொடங்கியது. அந்த மெசினில் என்ன செய்கிறீர்கள், எப்போது அமத்துகிறீர்கள், முதல் தரம் எப்படி, இரண்டாம் தரம் எப்படி. நான் விளக்க விளக்க அவருடைய முகத்தில் சிரிப்பு ஏறிக்கொண்டே வந்தது. உடுப்பைக் கட்டிலில் போட்டுவிட்டு உட்கார்ந்து சிரித்தார். "முதல் தரம் மூட்டை எண்ணியிருக்கிறியள். ரெண்டாம் தரம் மூட்டை விழுமட்டும் வாயைப் பாத்துக்கொண்டு இருந்திருக்கிறியள். வெளிச்சத்தை எப்ப பாத்தனீங்கள்?"

எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் பயம் போகவில்லை. அவர் சொல்வது சரியென்று வைத்தாலும், அந்த இருட்டில் எவ்வளவு என் சட்டத்தால் வந்தது, எவ்வளவு நோயால் வந்தது என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது.

சோதனை நாளில் மனைவி என்னோடு இருட்டறை வாசல்வரை வந்தார். மெசின் மிஸ்ஸிடம், "பிள்ளை, இவருக்கு வலது கைப் பெருவிரல் சொல்லுக் கேக்காது. பொத்தானை இடது கையில குடுங்கோ" என்றார். அந்தப் பிள்ளை காரணம் கேட்காமல் வயரை மற்றப் பக்கம் எடுத்துவிட்டார்.

என் இடது கைப் பெருவிரல் வாழ்க்கையில் ஒரு மூட்டையும் எண்ணியதில்லை. அதற்குத் தாளமும் தெரியாது, சட்டமும் தெரியாது. வெளிச்சம் தெரிந்தால் தட்டுத்தடுமாறி அமத்தியது, தெரியாவிட்டால் சும்மா இருந்தது. வலது கை மடியில் கிடந்து துடித்தது. அதைத் தொடைக்குக் கீழே வைத்து அமர்ந்துகொண்டேன்.

டொக்டர் பழைய வரைபடங்களையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "இடது கண் அப்பிடியே இருக்கு. பழைய இடம், பழைய அளவு. ஸ்கேனிலயும் மாற்றம் இல்லை."

மனைவி என் முழங்கையைக் கிள்ளினார். பாண் வாங்கிக்கொண்டு போகலாமா என்று நான் அவரைப் பார்த்துக் கண்ணால் கேட்டேன். டொக்டர், "இருங்கோ, உள்ளுக்குப் பாக்கோணும்" என்றார். கண்மணி விரிவதற்கு மருந்து விட்டு, விரிந்த பிறகு வில்லையை வைத்துப் பார்த்தார். இடது கண் சீக்கிரம் முடிந்தது. வலது கண்ணில் நீண்ட நேரம் நின்றார்.

"ஆடாம இருங்கோ. மேல பாருங்கோ. இப்ப என்ர காதைப் பாருங்கோ."

காதைப் பார்த்தேன். சின்னத் தோடு.

"வலது கண்ணில, நரம்பின்ர விளிம்பில, கீறு மாதிரிச் சின்னதா இரத்தம் கசிஞ்சிருக்கு."

"வலது கண்ணிலயோ? அது நல்ல கண் எல்லோ? எனக்கு ஒண்டும் தெரியேல்லையே, டொக்டர். நோகவும் இல்லை. கறுப்பாவும் இல்லை."

"தெரியாது" என்றார். முதல் நாள் சொன்ன அதே சொல், அதே குரல். "பார்வை போற இடம் கறுப்பாவும் வராது. பக்கத்தில இருக்கிறதை வைச்சு மூளை அதை நிரப்பிப் போடும். ஆனா உங்களுக்கு இந்தக் கண்ணில பார்வை இன்னும் போகேல்லை. அதுக்கு முதலே கண்டிட்டம். இன்னொரு மருந்து சேர்த்து, கண் பிரஷரை இன்னும் கொஞ்சம் இறக்குவம். கிளினிக்கை விடாம வாங்கோ."

வெளியே வந்தபோது, விரிந்த கண்ணுக்கு வெயில் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றியதுபோல இருந்தது. மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் நிலையம்வரை கூட்டிப் போனார். குருடனாக நடக்க எடுத்த பயிற்சி வீண்போகவில்லை என்றேன். பேசாமல் வரச் சொன்னார். வழியில் பாண் வாங்கினோம். பை அவருடைய கையில் இருந்தது. மான் வந்து பார்த்துவிட்டு, பை யாருடைய கையில் என்று தெரிந்ததும் திரும்பிப் போனது.

இப்போதும் காலையில் கரையோரம் வண்டியை நிறுத்துகிறேன். அங்கே நின்று என் கண்ணைப் பற்றி ஒன்றும் அறிய முடியாது என்று தெரியும். இரண்டு கண்ணையும் திறந்துவைத்து மலையையும் வள்ளங்களையும் பார்த்துவிட்டுப் போகிறேன். பஸ்ஸுக்கு நிற்பவர்களும் தள்ளிப் போவதில்லை. கப்பல் இருந்தால் பெருவிரலுக்கு வேலை இருக்கும். மாலையில் கூட்டாளியின் எண்ணும் என் எண்ணும் பெரும்பாலும் ஒத்துப்போகும். இரவில் மனைவி மருந்து விடுவார், ஒன்று விட்டு, கொஞ்ச நேரம் பொறுத்து மற்றது. கண்மயிர் இன்னும் நீளமாகத்தான் இருக்கிறது.

நடந்தது இவ்வளவுதான். நான் பயந்து செத்த இடது கண்ணில் நோய் கூடவில்லை. நான் நினைத்தும் பார்க்காத வலது கண்ணில் இரத்தம் கசிந்தது, அதை டொக்டர் கண்டார், இரண்டாவது மருந்து சேர்த்தார். அடுத்தடுத்த தடவைகளில் அந்தக் கசிவு மறைந்துபோயிருந்தது. அதற்குப் பிறகு இடது கையால் எடுத்த சோதனைகள் எல்லாவற்றிலும் இரண்டு கண்களும் அப்படியே இருக்கின்றன.